கிளச் இறுகினால் கையைக் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் திருத்தும் சிறிய கராஜ் ஒன்றை நெடுங்காலமாக நடத்தி வருகிறேன். வெள்ளம், வேளாண்மை, பாடசாலை என்று எங்கள் பகுதியின் பிரச்சினைகள் பலவும் உங்கள் பத்திரிகையில் வருகின்றன. நான் எழுத நினைப்பது மோட்டார் சைக்கிளில் கியர் மாற்றும்போது இடது கையால் இழுக்கிற கிளச் பற்றி. இதற்கெல்லாம் ஒரு கடிதமா என்று தோன்றலாம். ஆனால் காலை ஏழு மணிக்குப் பட்டிருப்புப் பாலத்தடியில் நின்று பாருங்கள். ஆசிரியைகள், குடும்பநல உத்தியோகத்தர்கள், பிரதேச செயலகத்தில் வேலை செய்கிற பிள்ளைகள் என்று வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போகிற பெண்கள் எத்தனையோ பேர் கியர் வண்டியில்தான் போகிறார்கள். அவர்களில் பலருக்கு இடது கை வலி இருக்கிறது. என் கராஜுக்கு வருகிறவர்கள் சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.

பெண்களுக்கு ஸ்கூட்டி இருக்கிறதே, ஏன் கியர் வண்டி என்று கேட்பவர்களும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய ஸ்கூட்டியின் விலைகூட எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அப்போது வேலைக்குப் போகத் தொடங்கிய பிள்ளைகளுக்கு வீட்டில் நின்ற அப்பாவின் சி.டி. 100, அண்ணனின் டிஸ்கவர், கணவர் ஓடிய பல்சர் என்று எது இருந்ததோ அதுதான் கிடைத்தது. அதைவிட, வெல்லாவெளிக்கு அப்பால் கிரவல் வீதிகளில் மாரி காலத்தில் ஸ்கூட்டியின் சின்னச் சக்கரம் படும் பாடு போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த வீதிகளுக்குப் பெரிய சக்கர வண்டிதான் சரி.

அப்படி வண்டி எடுத்த ஒரு பெண், கிளச் டைட்டாக இருக்கிறது, இழுக்க ஏலாமல் இருக்கிறது என்று சொன்னால், வீட்டில் கிடைக்கும் பதில் "ஓடி ஓடிப் பழகினால் சரியாகும்". கராஜில் கிடைக்கும் பதில் "இந்த வண்டி அப்படித்தான் தங்கச்சி". பெண்ணின் கைக்கு வலு இல்லை என்று முடித்துவிடுகிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனவருத்தமாக இருக்கிறது. 100, 125 சி.சி. வண்டியின் கிளச், சாதாரண ஒரு பெண்ணின் நான்கு விரல்கள் சிரமமில்லாமல் இழுக்கக்கூடியதாகத்தான் செய்யப்படுகிறது. அது இறுகிவிட்டதென்றால் வண்டியில் எங்கோ பழுது இருக்கிறது. தேடினால் அது அகப்படும். பெரும்பாலும் செலவு குறைந்த பழுதாகவே இருக்கும்.

எங்கே தேடுவது என்பதற்கு நான் கையாளும் முறையைச் சொல்கிறேன். முதலில் எஞ்சின் பக்கத்தில் கிளச் கேபிளின் நுனியைக் கழற்றிவிட்டு, கையிலுள்ள லீவரை இழுத்துப் பார்க்க வேண்டும். இப்போது கேபிளில் எந்தப் பாரமும் இல்லை. லீவர் பஞ்சாக வர வேண்டும். வராமல் இழுபட்டு இழுபட்டு வந்தால், அல்லது லீவரை விட்டுவிட்டுக் கீழ் நுனியை இழுக்கும்போது உள்ளே இருக்கும் கம்பி வழுகித் திரும்பாமல் நின்றுவிட்டால், பழுது கேபிளிலோ லீவரிலோதான். எஞ்சினைத் தொடவே வேண்டாம். லீவர் இலேசாக வந்தால் மட்டும் எஞ்சின் பக்கம் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமலே, எஞ்சினுக்குள் ஒன்றையொன்று பிடித்துச் சக்கரத்துக்கு இழுவை கொடுக்கிற கிளச் பிளேட்டை மாற்ற வேண்டும் என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. பிளேட் தேய்ந்தால் கிளச் வழுக்கும், எஞ்சின் இரையும், வண்டி போகாது. அது வேறு நோய்.

எனக்குத் தெரிந்தவரை எங்கள் பகுதியில் இந்தப் பழுது அதிகமும் கேபிளில்தான் வருகிறது. அதற்குக் காரணம் ஊர்தான். கல்லாறிலிருந்து செட்டிபாளையம்வரை நாங்கள் இருப்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு ஒடுங்கிய நிலத்தில். ஒரு பக்கம் கடல் உப்பு, மறுபக்கம் வாவியின் உவர். கேபிளின் உள்ளே இருப்பது மெல்லிய இரும்பு இழைகளை முறுக்கிய கம்பி. வெளியே சுருள் கம்பியால் ஆன உறை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது தூசும் மணலும் லீவர் பக்கத்து வாயால் உள்ளே போகும். மாரியில் அதே வாயால் தண்ணீர் போகும். இரண்டும் சேர்ந்து உள்ளே துரு பிடித்தால், எண்ணெய் காணாத கப்பியில் கிணற்றுக் கயிறு இழுப்பது போலத்தான். வாளியில் இருக்கிற தண்ணீர் அதேதான், இழுக்கிற கைக்குப் பாரம் இரட்டிப்பு.

கேபிள் வெறுமனே காய்ந்திருந்தால் அதற்கு ஒயிலே போதிய மருந்து. வீட்டிலேயே போடலாம். லீவர் பக்கத்தில் கேபிளைக் கழற்றி, அதன் மேல் நுனியைச் சுற்றி ஒரு சின்னப் பொலித்தீன் பையின் மூலையைக் கட்டி, நூலால் இறுக்கிவிடுங்கள். கட்டுமுன் மூலையைச் சற்று வெட்டி, உறையின் நுனியும் கம்பியும் அதனூடாகப் பைக்குள் நிற்குமாறு நுழைக்க வேண்டும். பைக்குள் இலேசான ஒயில் கொஞ்சம், தையல் மெசினுக்குப் போடுகிற மாதிரியான மெல்லிய ஒயில், ஊற்றிக் கேபிளை நிமிர்த்தித் தொங்கவிடுங்கள். இடையிடையே உள்ளே உள்ள கம்பியை மேலும் கீழும் அசைக்க வேண்டும். அவசரப்பட வேண்டாம், இரவு முழுக்கத் தொங்கட்டும். கீழ் நுனியால் ஒயில் சொட்டத் தொடங்கினால் கேபிள் முழுக்க நனைந்துவிட்டது. முதலில் கறுப்பாகவோ செம்மண் நிறமாகவோ சொட்டும். தெளிந்த ஒயில் வரும்வரை விடுங்கள்.

தேங்காயெண்ணெய் ஊற்றுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் கிழமை நன்றாக இருக்கும். போகப் போக அது பிசினாகித் தூசையும் பிடித்துக்கொண்டு முன்னையதைவிட இறுக்கும். எஞ்சினிலிருந்து இறக்கிய கறுப்பு ஒயிலும் கூடாது, அதில் இருக்கிற அழுக்குத்தான் உள்ளே போகும். கட்டி கிறீஸை உறைக்குள் திணிப்பதும் அப்படியே. கிறீஸுக்கு வேறு இடம் இருக்கிறது. லீவர் சுழல்கிற போல்ட்டிலும், கேபிள் நுனியிலிருக்கிற உருண்டை நிப்பிளிலும் கிறீஸ் பூச வேண்டும். அந்த நிப்பிள் லீவருக்குள் இலேசாகச் சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் கம்பி அந்த இடத்தில் மடிந்து மடிந்து, இழை இழையாக அறும். ஒரு கேபிள் நிப்பிளடியில் அறுந்து வந்தால், லீவரில் கிறீஸ் இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். புதுக் கேபிளைப் போட்டு அந்தப் போல்ட்டைச் சுத்தம் செய்யாமல் விட்டால் அதுவும் அறும்.

இதில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: இலேசாக இருந்த கிளச் திடீரென்று இறுகினால், அல்லது இழுக்கும்போது கரகரவென்று ஏதோ உரசினால், அறுந்த இழைகள் உறைக்குள் சிக்குகின்றன. அந்தக் கேபிளுக்கு ஒயில் போட்டுக் காலம் கடத்தாதீர்கள். அன்றைக்கே மாற்றுங்கள். படுவான்கரையில் கராஜ் இல்லாத ஒரு வயல் வீதியில், பின்னேரம், தனியாக வருகிற ஒரு பெண்ணுக்குக் கேபிள் அறுந்தால் என்ன செய்வது? தூரமாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, புதுக் கேபிள் ஒன்றை வாங்கி, இரு நுனியையும் பொலித்தீனால் சுற்றி, பழைய கேபிள் போகிற பாதையிலேயே அதற்கு அருகில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். அறுந்தால் நுனி இரண்டையும் மாட்டினால் சரி. வழியில் போகிற யாராவது ஒருவர் ஒரு ஸ்பெனரோடு வந்தால் போதும்.

கேபிள் வாங்கும்போதும் கவனம் வேண்டும். நல்ல கேபிளின் உறைக்குள் வழுவழுப்பான பிளாஸ்டிக் குழாய் ஒன்று இருக்கும். மலிவான சிலவற்றில் அது இருக்காது, இரும்போடு இரும்பு உரசும். கடையில் கம்பியை உள்ளே முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாலே வித்தியாசம் விரலுக்குத் தெரிந்துவிடும். நீளமும் அந்த வண்டிக்கு உரிய நீளமாகவே இருக்க வேண்டும்.

கேபிள் புதிதாக இருந்தும் இறுகுகிறதா? அது போகும் பாதையைப் பாருங்கள். கம்பி எத்தனை வளைவு வளைகிறதோ, அத்தனைக்கும் உரசல் கூடும். வளைவு கூர்மையாக இருந்தால் இன்னும் மோசம். விபத்துக்குப் பிறகு ஹெட்லைட்டைக் கழற்றிப் பூட்டியவர்கள், கூடுதல் லைட் பூட்டியவர்கள், பெயின்ற் அடிப்பதற்காக வண்டியைப் பிரித்தவர்கள் கேபிளைத் தவறான பக்கத்தால் கொண்டுவந்து, பிளாஸ்டிக் பட்டியால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். வண்டியை நிறுத்திவிட்டு ஹேண்டிலை முழுக்க இடப்பக்கம் திருப்பிக் கிளச்சை இழுங்கள். பிறகு முழுக்க வலப்பக்கம் திருப்பி இழுங்கள். ஒரு பக்கத்தில் இறுகி மறுபக்கத்தில் இலேசானால் பாதைதான் பிழை.

இப்போது எங்கள் இளைஞர்களிடம் பரவியிருக்கும் குட்டை லீவர் பற்றியும் சொல்ல வேண்டும். பார்க்க அழகுதான். ஆனால் லீவர் ஒரு நெம்புகோல். சுழலும் போல்ட்டிலிருந்து விரல் எவ்வளவு தூரத்தில் இழுக்கிறதோ அவ்வளவு இலேசு. குட்டை லீவரில் விரல்கள் போல்ட்டுக்குக் கிட்டே வந்துவிடுகின்றன. அதனால் அதே கிளச் பாரமாகிறது. நீண்ட லீவர் வைத்திருப்பவர்களும் இரண்டு விரலை உட்பக்கமாகப் போட்டு இழுக்கும் பழக்கத்தை விட்டு, நான்கு விரலையும் நுனிப்பக்கமாக வைத்துப் பாருங்கள். வேறு மொடலுக்குரிய லீவரைப் பூட்டினாலும் இதே கதைதான், கேபிள் மாட்டும் துளை போல்ட்டிலிருந்து சற்று விலகியிருந்தாலே கைக்குத் தெரியும். லீவரின் சரிவும் முக்கியம். லீவரைப் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்தி, வண்டியில் உட்கார்ந்து கையை நீட்டும்போது முழங்கையிலிருந்து விரல்வரை ஒரே கோட்டில் வருமாறு திருப்பி இறுக்க வேண்டும். உயரமான கணவர் ஓடியபோது வைத்த சரிவு, உயரம் குறைந்த மனைவியின் மணிக்கட்டை மடக்கும். மடங்கிய மணிக்கட்டுக்கு வலு குறைவு, வலியும் அங்கேதான் தொடங்குகிறது.

இனி எஞ்சின் பக்கம். வெள்ளத்தில் ஓடிய வண்டிகளில் கேபிள் வந்து மாட்டுகிற சின்னக் கை, அதாவது கிளச்சைத் தள்ளும் ஆர்ம், தன் துளைக்குள் துருவேறிச் சிக்கிவிடும். 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகும், அதற்குப் பிந்திய வெள்ளங்களுக்குப் பிறகும் இப்படி வந்த வண்டிகள் அதிகம். கழற்றி, துப்புரவாக்கி, சீல் மாற்றி, கிறீஸ் பூசிப் போட்டால் புதுசு போலாகிவிடும். கிளச்சை இழுத்துப் பிடிக்கிற இடத்தில் அந்த ஆர்மும் கேபிளும் கிட்டத்தட்டச் செங்கோணமாக நிற்க வேண்டும். சில வண்டிகளில் ஆர்மைக் கழற்றிப் பூட்டும்போது ஒரு பல் தள்ளிப் பூட்டினாலே போதும், கிளச் கல்லாகிவிடும்.

கிளச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங் பற்றி ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல்கிறேன். குருமன்வெளி ஓடத்துறையால் மண்டூர்ப் பக்கம் படிப்பிக்கப் போகும் ஓர் ஆசிரியை என்னிடம் வந்தார். "அண்ணன், இத வித்துப்போட்டு ஸ்கூட்டி ஒண்டு எடுக்கப் போறன். இரவையில கை விறைச்சு நித்திரை வாறல்ல" என்றார். ஓடத்தில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் பாதிக் கிளச்சில் மெல்ல மெல்ல வண்டியை நகர்த்த வேண்டும் அல்லவா, அந்த நேரத்தில்தான் தனக்குப் பயமாக இருக்கிறது, கை தாங்காமல் விட்டுவிட்டால் வண்டியோடு வாவிக்குள் போய்விடுவேன் என்றார். கேபிளைக் கழற்றி இழுத்தேன், இலேசாக வந்தது. அப்படியென்றால் உள்ளே. விசாரித்தபோதுதான் விசயம் முழுக்கத் தெரிந்தது. வீட்டில் மகளுக்கு ஒரு ஸ்கூட்டி இருக்கிறது. ஒயில் மாற்றும்போது செலவு மிச்சம் என்று ஸ்கூட்டிக்கு வாங்கிய ஒயிலையே இதற்கும் ஊற்றியிருக்கிறார்கள். சில நாட்களில் கிளச் வழுக்கியது. காட்டிய இடத்தில், ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று சொல்லி அதைவிடக் கடினமான ஸ்பிரிங் போட்டிருக்கிறார்கள். வழுக்கல் குறைந்தது, கை போனது.

கியர் வண்டியின் கிளச் எஞ்சின் ஒயிலுக்குள் நனைந்தபடி வேலை செய்வது. அதற்கு வேண்டியது பிளேட்டுகள் ஒன்றையொன்று பிடிக்கவிடும் ஒயில். ஒயில் போத்தலின் பின்பக்கத்தில் ஜப்பானியத் தரக் குறியீடான ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ. 2 என்று போட்டிருக்கும். எம்.பி. என்று போட்டிருந்தால் அது உரசல் குறைந்த ஒயில், ஸ்கூட்டிக்கு உரியது. ஸ்கூட்டியின் கிளச் ஒயிலில் நனைவதில்லை, அதனால் அங்கே அது நல்லது. கியர் வண்டிக்குள் ஊற்றினால் பிளேட் வழுக்கும். காருக்குரிய சில ஒயில்களும் இதையே செய்யும். அந்த ஆசிரியையின் வண்டிக்கு எம்.ஏ. ஒயில் ஊற்றி, கொம்பனி ஸ்பிரிங் நான்கையும் திரும்பப் போட்டேன். பிளேட் எரியுமுன் கொண்டுவந்துவிட்டார், அதனால் அதை மாற்றத் தேவைப்படவில்லை. வண்டியை அவர் விற்கவில்லை. பல வீடுகளில் இப்போது ஒரு கியர் வண்டியும் ஒரு ஸ்கூட்டியும் நிற்கின்றன. தயவுசெய்து இரண்டுக்கும் ஒரே போத்தலை ஊற்றாதீர்கள்.

கிளச் லீவரில் கொஞ்சம் வெறும் ஆட்டம், அதாவது பாரம் ஏறுமுன் லீவர் சும்மா அசைகிற தூரம், இருக்க வேண்டும். பெரும்பாலான சின்ன வண்டிகளில் லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர். சில வண்டிகளில் அதை லீவரின் அடியில் 2, 3 மில்லிமீற்றர் இடைவெளியாகச் சொல்வார்கள். வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் கிளச் எப்போதும் சற்று இழுத்தபடியே நிற்கும், பிளேட் தேயும். அளவுக்கு மிஞ்சி விட்டால் கிளச் முழுதாக விடாது, நின்ற இடத்தில் நியூட்ரல் விழாமல் அடம்பிடிக்கும். விரல் குட்டையானவர்களுக்கு எல்லைக்குள் ஆட்டத்தைச் சற்றுக் கூட்டி வைத்தால் கிளச் பாரம் ஏற்கிற இடம் கைக்குக் கிட்டே வரும். விரலை நீட்டி எட்டிப் பிடிக்கிற கையைவிட, மடக்கிப் பிடிக்கிற கைக்கு வலு அதிகம். அப்புறம், களுவாஞ்சிகுடிச் சந்தியிலோ கல்முனைச் சந்தையடியிலோ நெரிசலில் நிற்கும்போது கிளச்சைப் பிடித்தபடியே நிற்காதீர்கள், நியூட்ரல் போட்டுக் கையை விடுங்கள். புதிதாக வரும் சில 155 சி.சி. வண்டிகளில் அசிஸ்ட் கிளச் என்று ஒன்று வருகிறது. எஞ்சின் இழுவையே பிளேட்டை அழுத்த உதவுவதால் மெல்லிய ஸ்பிரிங் போதும், லீவர் இலேசு. ஆனால் அந்த வண்டிகளின் விலை எங்கள் ஆட்களுக்குத் தூரம். உள்ள வண்டியை ஒழுங்காக வைத்திருப்பதுதான் நடக்கிற காரியம்.

கை வலிக்குச் சித்தாலேப பூசிச் சமாளிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் இரவில் விறைத்து எழும்பினால் வண்டியையும் திருத்துங்கள், வைத்தியரிடமும் போங்கள். நரம்பு நெரிபடும்போது அப்படி விறைக்கலாம் என்று வைத்தியர் ஒருவர் எனக்குச் சொன்னார். வருடக் கணக்கில் விட்டுவைக்க வேண்டாம்.

ஆசிரியர் அவர்களே, இதை எழுதியதில் எனக்கு மூன்று வேண்டுகோள்கள் உண்டு. சாரதிப் பயிற்சி கொடுப்பவர்கள், எட்டு ஓடிக் காட்டவும் சிக்னல் போடவும் பழக்குவதோடு, லீவரில் எவ்வளவு ஆட்டம் இருக்க வேண்டும், சரிவை எப்படி மாற்றுவது என்பதையும் பழக்க வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் போதும். என்னோடு தொழில் செய்கிற சகோதரர்கள், ஒயில் மாற்ற வரும் ஒவ்வொரு வண்டிக்கும் கேட்காமலே கிளச் கேபிளுக்கும் லீவர் போல்ட்டுக்கும் ஒயிலும் கிறீஸும் போட்டுவிட வேண்டும். ஒரு பெண் வந்து கிளச் டைட் என்று சொன்னால், அவரது கையைப் பார்க்காமல் கேபிளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உதிரிப்பாகக் கடைக்காரர்கள், உள்ளே பிளாஸ்டிக் குழாய் உள்ள கேபிள் எது, இல்லாதது எது என்று வாங்குகிறவரிடம் சொல்லி விற்க வேண்டும்.

பட்டிருப்புத் தொகுதியிலோ கல்முனைப் பக்கத்திலோ எந்த மாதர் சங்கமாவது, பாடசாலையாவது கேட்டால், போயா விடுமுறை நாளில் நானே வந்து இவற்றைச் செய்து காட்டத் தயாராக இருக்கிறேன். பணம் வேண்டாம். ஆளுக்கொரு பொலித்தீன் பையும், நடுவில் ஒரு போத்தல் மெல்லிய ஒயிலும், அவரவர் வண்டியும் இருந்தால் போதும். விரும்புபவர்கள் உங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதினால், என் முகவரியை அவர்களுக்குக் கொடுத்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் சைக்கிள் திருத்துநர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.